புளிக்குழம்பும் பெரிய சாமியின் புள்ளிகளும்

புளிக்குழம்பு ஒரு சொட்டு மூக்கின்மேல் விழுந்த பிறகுதான் வினய் அண்ணாந்து பார்த்தான். காரின் உள்கூரைத் துணியில், அவன் தலைக்கு நேர் மேலே, கையகலத்துக்கு மஞ்சளாக நனைந்திருந்தது. ஒரு மீன் துண்டுகூட அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் பிடி நழுவி மடியில் விழுந்தது.

தப்பு குழம்பின்மேல் இல்லை. எங்கள் பெட்சபுரியில் பிறந்த எவனும் குழம்புப் பையைப் பக்கத்து இருக்கையில் வைக்க மாட்டான். முதல் வளைவிலேயே உருண்டுவிடும். கடைக்காரி காற்றுப் பிடித்து, ரப்பர் வளையம் போட்டு, பலூன் மாதிரிக் கட்டிக் கொடுத்த பையைத் தொடை இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஓட்டுவதுதான் ஊர் வழக்கம். வினய்யும் அப்படித்தான் ஓட்டினான். விகாரை வாசலில் இருக்கும் வேகத்தடையைத்தான் மறந்து தொலைத்தான். கார் எம்பியது, தொடை நெருங்கியது, பை வெடித்தது, குழம்பு நேராக மேலே போனது.

தொடை எரிந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. ஏனென்றால் அது மாமியார் கார்.

வீட்டோடு மாப்பிள்ளை என்பது எங்கள் ஊரில் ஒன்றும் கேவலம் இல்லை. கட்டிக்கொண்டவன் மாமியார் வீட்டுக்குக் குடிபோவது வழக்கம்தான். ஆனால் வேலையில்லாத வீட்டோடு மாப்பிள்ளை என்பது வேறு ரகம். அவன் வேலை பார்த்த டைல்ஸ் கடையைப் புது வருஷத்தோடு இழுத்து மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இந்த நேரத்தில்தான் சா-ஆம் கடற்கரையில் ஒரு ஓட்டலில், விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்வரச் சொந்தக் காரோடு ஆள் வேண்டும் என்றார்கள். ஒன்றாம் தேதி வரலாமா என்று கேட்டார்கள். அவனிடம் எல்லாம் இருந்தது, கார் மட்டும் இல்லை.

கார் மாமியார் லமாயிடம் இருந்தது. வெள்ளி நிறத்தில் சின்னக் கார். பின்னால் 'இந்தக் கார் மஞ்சள் நிறம்' என்று ஒரு ஸ்டிக்கர். ஜோசியர் மஞ்சள்தான் ராசி என்றார், பெயின்ட் கடைக்காரர் ஒரு விலை சொன்னார், லமாய் ஸ்டிக்கரே போதும் என்று முடிவெடுத்தார். கிரகங்களுக்குப் படிக்கத் தெரியும் என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை விடிந்தால் அந்தக் காருக்கு எண்ணெய்க் குளியல்தான் பாக்கி. கூரைக்கு ஒரு துணி, கதவுக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி. சக்கரத் துணி தவறிக் கதவில் பட்டால் முதலிலிருந்து கழுவுவார். வெயில் ஏறுவதற்குள் ஈரத்தை ஒற்றி எடுப்பார். துடைக்க மாட்டார், ஒற்றுவார். வினய்க்குக் கொடுக்கப்பட்ட உரிமை, வாளியில் தண்ணீர் மொண்டு வந்து ஓரமாக வைத்துவிட்டு நகர்ந்துகொள்வது.

அப்படிப்பட்டவர் போன வாரம் திடீரென்று சாவியை நீட்டினார்.

"மாப்ளே, நான் தங்கச்சி வீட்டுக்குச் சியாங்மாய் போறேன். காரை நீங்க வெச்சுக்குங்க. நான் திரும்பி வரும்போது கொடுத்தபடியே இருந்தா, ஓட்டல் வேலைக்கு எடுத்துக்குங்க."

வினய் மனைவி ரத்தனாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அவள் பெற்ற தாய் அவளிடமே சாவியைக் கொடுத்ததில்லை.

"அம்மா, உடம்புக்கு ஏதும் இல்லையே?" என்றாள்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். மாப்ளே, ஒரு வார்த்தை. இன்னிலேருந்து காருக்கு என்ன ஆனாலும் நான்தான் பொறுப்புன்னு சொல்லுங்க."

"நான்தான் பொறுப்பும்மா."

"பக்கத்து வீட்டு ஜியாப்புக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜியாப் அக்கா, "எனக்குக் கேட்டுச்சு, நான் சாட்சி" என்றார். வினய்க்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் மனசில் இவ்வளவு இடம் இருப்பது தெரியாமல், இத்தனை நாள் அவரை மனசுக்குள் என்னென்னவோ பேர் வைத்துக் கூப்பிட்டோமே என்று இருந்தது.

இப்போது அந்தக் கார்தான் புளிக்குழம்பு வாசத்தோடு வீட்டுக் கொட்டகைக்குள் வந்து நின்றது.

ரத்தனா தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். "குழம்பு எங்கே?"

"மேலே."

அவள் மேலே பார்த்தாள்.

"கறை போகட்டும்ங்க. ஆனா அது சாமி புள்ளிக்குப் பக்கத்துல இருக்கே."

வினய்யும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டுநர் தலைக்கு மேலே, கூரைத் துணியில், வெள்ளைப் புள்ளிகள் கோபுரம் மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கார் வாங்கிய அன்று விகாரையின் தலைமைப் பிக்கு, பெரிய சாமி துவாம், நேரில் வந்து, மந்திரம் சொல்லி, வெள்ளைச் சாந்தைக் குழைத்துத் தன் விரலால் வைத்த புள்ளிகள். வேறு பிக்கு வைத்தது என்றால் இன்னொரு தடவை கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம். பெரிய சாமி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. லமாயின் பூசைக் கோஷ்டியில் அவர் விரல்பட்ட கார் இது ஒன்றுதான். அந்தக் கோஷ்டியில் லமாய் முதல் வரிசையில் உட்காருவதற்கே அதுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

"அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றாள் ரத்தனா.

"சொல்லிட்டு? ஒன்னாந் தேதி நான் சா-ஆமுக்கு நடந்தா போறது?"

"அப்போ ஹெங் கடைக்குக் கொண்டுபோங்க. கூரைத் துணி வேலை ஊர்லயே அவருக்குத்தான் தெரியும்."

"ஹெங்கா? உங்க அம்மாவுக்கு ஒரு தும்மல் வந்தா டாக்டருக்கு முன்னாடி அந்த ஆளுக்குத்தான் தெரியும். கார் அவர் கடை வாசல்ல நின்னா, சியாங்மாய்ல போன் அடிக்கும்."

பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, பஞ்சால் கறையின் ஓரத்தை மட்டும் லேசாகத் தொட்டான். கறை நன்றாகத்தான் வழிவிட்டது, ஆனால் வெளியே வராமல் பக்கவாட்டில் நகர்ந்தது. அவன் இந்தப் பக்கம் ஒற்றினால் அது அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் மறித்தான். அது நேராகப் புள்ளிகளைப் பார்த்துப் போனது.

"தடுங்க, தடுங்க" என்றாள் ரத்தனா.

தடுத்தான். பஞ்சு கடைசிப் புள்ளியைத் தொட்டது. தொட்டதோடு சரி, புள்ளி மொத்தமாகப் பெயர்ந்து பஞ்சோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் மஞ்சளாகத் தெரிந்தது.

"அதுக்குள்ள அடிவழியாப் புகுந்துடுச்சு பாரு" என்றான் வினய்.

"பதினோரு வருஷமா இருந்த புள்ளிங்க. தொட்டதும் வருதுன்னா என்ன அர்த்தம்? சாமிக்குக் கோபம்."

வினய் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனான். குளுகுளுவென்று ஒரு வாசம். சாந்தில் என்னவெல்லாம் மூலிகை போட்டிருந்தாரோ, மனுஷர் போன பிறகும் வாசம் போகவில்லை. அவன் பஞ்சை இரண்டு கையாலும் ஏந்தி நெற்றியில் வைத்துக் கும்பிட்டான். பிறகு, ஒன்று போன பிறகு மற்றது இருந்து என்ன, கறையையாவது சுத்தமாக எடுத்துவிடலாம் என்று சலவைத் தூளையும் பிரஷ்ஷையும் எடுத்தான்.

இந்த இடத்தில் யாராவது அவன் கையைப் பிடித்திருக்க வேண்டும். ரத்தனா அடுப்பில் சோற்றைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது கூரையெல்லாம் நுரை. வினய் வாளியும் கையுமாக நனைந்துபோய் உட்கார்ந்திருந்தான். நுரையை அலசக் குழாயை உள்ளே விட்டிருந்தான். புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. கறை இருந்தது. முன்பு கையகலம், இப்போது தலையணை அளவு.

"காயட்டும், காய்ஞ்சா தெரியாது" என்றான்.

காய்ந்தது. மறுநாள் காலையில் அவன் கதவைத் திறந்து உட்கார்ந்தபோது முகத்தில் ஏதோ மெத்தென்று வந்து மோதியது. கூரைத் துணி ஒட்டு விட்டுப்போய், கல்யாணப் பந்தலில் மழைத் தண்ணீர் தேங்கின மாதிரி வயிறு தள்ளித் தொங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்தால் கண்ணை மறைத்தது. குனிந்து உட்கார்ந்தால் தலையில் முக்காடு போட்டது.

"இப்பவாவது ஹெங் கிட்ட..." என்று ஆரம்பித்தாள் ரத்தனா.

"செருப்பு ஒட்டுற பசை இருக்கா?"

இருந்தது. செருப்பு ஒட்டும் பசை செருப்புக்கு நல்லது. கூரையில் தடவினால் துணி வழியாகப் பழுப்பாக ஊறி வெளியே வரும் என்று டப்பாவில் போட்டிருக்கவில்லை. பழுப்புத் திட்டுகளுக்கு நடுவே எங்கெங்கே தொங்கியதோ அங்கெல்லாம் ரத்தனாவின் தையல் பெட்டியிலிருந்த குண்டூசிகளைக் குத்தினான். முடிந்ததும் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கொழுத்த பலாப்பழத்தின் தோலை உள்ளேயிருந்து பார்த்த மாதிரி இருந்தது.

"அம்மா என்னைக்கு வர்றாங்க?" என்றான்.

"வெள்ளிக்கிழமை."

"வந்ததும் எங்கே பாப்பாங்க?"

"வேற எங்கே, மேலேதான். உக்காந்ததும் புள்ளியைப் பாத்துக் கும்பிட்டுட்டுத்தானே சாவியே போடுவாங்க."

அப்போது வினய்க்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு யோசனை வரும்போதெல்லாம் ரத்தனா பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒளித்துவைப்பாள். இந்தத் தடவை தையல் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"புள்ளி இருந்தா போதும். மத்ததை எல்லாம் கவனிக்க மாட்டாங்க."

"பெரிய சாமி வெச்ச புள்ளியை நீங்க வைப்பீங்களா? பாவம் பிடிச்சுக்கும்."

"வேலை போனதுலேருந்து என்ன புண்ணியத்துல மிதக்குறேன்? ஒரு மனுஷன் சம்பாதிக்கணும்னு நினைச்சு வைக்கிற புள்ளியைச் சாமி கோச்சுக்க மாட்டார். சா-ஆம்ல முதல் சம்பளம் வாங்கினதும் விகாரைக்குப் போயி மன்னிப்புக் கேட்டுக்குறேன்."

அதைச் சொல்லும்போது அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரத்தனா உள்ளே போய் வேர்க்குரு பவுடர் டப்பாவை எடுத்து வந்து தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுத்தாள். குழைத்த விரலை மோந்து பார்த்தாள்.

"ஏங்க, வாசம்கூட அப்படியே இருக்கு."

"நல்ல சகுனம்" என்றான் வினய்.

எத்தனை புள்ளி, எப்படி அடுக்கு என்று தெரிய வேண்டுமே. கூடத்தில், கார் வாங்கிய அன்று எடுத்த படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதை இறக்கிக்கொண்டு வந்தார்கள். படத்தில் பெரிய சாமியின் முதுகு மிக அருமையாக விழுந்திருந்தது. முதுகுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது முதுகுக்கே வெளிச்சம். கடைசியில் ஞாபகத்தை வைத்தே போடுவதென்று முடிவாயிற்று. வினய் இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரலால் ஒவ்வொன்றாக வைத்தான். பவுடர் தண்ணியாக இருந்தது. புள்ளிகள் வைத்த இடத்தில் நிற்காமல் ஒன்றோடொன்று கைகோத்து வழிந்தன. குண்டூசி மேட்டில் ஏறி, பசைத் திட்டில் இறங்கி, அவை தங்கள் இஷ்டத்துக்கு ஓர் உருவம் எடுத்துக் காய்ந்தன.

மறுநாள் ஜியாப் அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ஜியாப் அக்காவுக்கு இந்த உலகத்தில் எதைப் பார்த்தாலும் லாட்டரி எண்ணாகத்தான் தெரியும். வாழை ரெட்டைப் பூ விட்டால் எண். வாசலில் பாம்பு போனால் அதன் நெளிவில் எண். பழத்தை நீட்டியவர் கார்க் கதவு திறந்திருப்பதைப் பார்த்து, வழக்கம்போலச் சாமி புள்ளியைக் கும்பிடலாமென்று உள்ளே எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"தம்பி, இது முன்னாடி இப்படி இல்லையே."

வினய் கார்க் கதவைச் சாத்தப் போனான். "அது வந்துக்கா..."

"நாலு. அதுக்குப் பக்கத்துல ஏழு. தம்பி, நாப்பத்தேழு."

"அக்கா, அது வெறும்..."

"சும்மா இரு. சாமி தானா மாத்தி எழுதியிருக்கார். குலுக்கலுக்கு மூணு நாள் இருக்கும்போது."

இதை மறுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். வினய் வாயை மூடிக்கொண்டான். அவன் மௌனத்தை ஜியாப் அக்கா பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் தெருவே வந்துவிட்டது. அடுத்த நாள் அடுத்த தெரு வந்தது. ஆளுக்கு ஆள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வரிசையில் நின்று, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கினார்கள். கண் சரியில்லாதவர்கள் கையை நீட்டித் தொட்டுப் பார்க்கப் போனார்கள், ஊசி குத்தியது. "சாமி சக்தியா இருக்கார்" என்று விரலைச் சப்பிக்கொண்டே இறங்கினார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே மல்லிகை மாலை குவிந்தது. யாரோ கூரைமேல் மெழுகுவர்த்தி நட்டார்கள், மெழுகு வழிந்து கண்ணாடியில் இறங்கியது. ஊதுவத்திச் சாம்பல் இருக்கையெல்லாம் பறந்தது.

மூன்றாவது எண் தெரியவில்லை என்று ஒரு கிழவர் வருத்தப்பட்டார். உடனே நாலைந்து பேர் பவுடர் டப்பாவோடு வந்து கார் முன்மூடியில் கொட்டி, எண் தெரியும்வரை உள்ளங்கையால் தேய்த்தார்கள். சாமி மரத்தின் அடியில் பவுடர் தேய்த்து லாட்டரி எண் பார்க்கிற வழக்கத்தில், மணலோடு சேர்த்துத் தேய்த்தார்கள். லமாய் ஒற்றி ஒற்றி வைத்திருந்த பளபளப்பு, மாவு மில் தரை மாதிரி ஆகிவிட்டது.

வினய் மூன்று துணியையும் எடுத்துக்கொண்டு ஓடினான். எது கூரைத் துணி, எது சக்கரத் துணி என்று பார்க்க நேரமில்லை.

"துடைக்காதே தம்பி, இப்பத்தான் எட்டு மாதிரி ஒன்னு வந்துட்டிருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவன் மூலையில் போய் உட்கார்ந்து அழுதான். அதையும் யாரோ படம் எடுத்து, காரின் சக்தியில் மெய்ம்மறந்த மாப்பிள்ளை என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் படம் சியாங்மாய்க்கும் போயிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வர வேண்டியவர் வியாழக்கிழமை காலையிலேயே வேன் பிடித்து வந்து இறங்கிவிட்டார். கூட்டம் விலகி வழிவிட்டது. லமாய் பெட்டியை ரத்தனாவிடம் கொடுத்துவிட்டு, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சொரசொரத்த முன்மூடியைத் தடவினார். மெழுகை நகத்தால் சுரண்டினார். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள் லேசாகக் குலுங்கியது. முந்தானை இல்லாததால் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்.

வினய்க்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அந்த மனுஷியை அழ வைத்துவிட்டோமே என்று இருந்தது. ஓட்டல் வேலையும் ஒன்றாம் தேதியும் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று, அவ்வளவு பேர் முன்னால் கார்ப்படியில் மண்டி போட்டுவிட்டான்.

"அம்மா, சாமி எழுதலை. நான்தான் எழுதினேன். குழம்பைக் கொட்டிட்டேன். கழுவப் போயி சாமி புள்ளியை அழிச்சுட்டேன். வேர்க்குரு பவுடர்ல நானே புள்ளி வெச்சேன். எல்லாம் நான்தான்."

கூட்டத்தில் ஒரு முனகல் கிளம்பியது. லமாய் கைக்குட்டையை எடுத்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன குழம்பு?"

"மீன் புளிக்குழம்பும்மா."

"தொடைக்கு நடுவுல வெச்சிருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"விகாரை வாசல் வேகத்தடையிலயா?"

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச வேகத்தடைதானே" என்று லமாய் காரை விட்டு இறங்கினார். "இன்னொரு தடவை சொல்லுங்க. பெரிய சாமி வெச்ச புள்ளியை அழிச்சது யாரு?"

"நான்தாம்மா."

"ஜியாப், கேட்டியா? கோஷ்டியில எல்லாருக்கும் சொல்லிடு. மாப்பிள்ளைதான் அழிச்சது. வேணும்னு பண்ணலை, பாவம்."

பிறகு அவர் செய்ததை ஊர் இன்றைக்கும் பேசுகிறது. திட்டவில்லை. கையை ஓங்கவில்லை. மண்டி போட்டவனை முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"கார்தானே மாப்ளே, போகட்டும். சாமி மனசுல இருக்கார், கூரையிலயா இருக்கார்? ஒன்னாந் தேதியிலேருந்து ஓட்டல் வேலைக்கு எடுத்துட்டுப் போங்க. ஆனா மூணு விஷயம். கூரைத் துணியை உங்க செலவுல மாத்தணும். பூசை நாள் தவறாம என்னையும் கோஷ்டியையும் விகாரைக்குக் கூட்டிட்டுப் போகணும், ஆயுசு முழுக்க. இன்னொன்னு, ஹெங் கிட்ட மட்டும் போகாதீங்க. அவருக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியலை. ராட்சபுரியில நல்ல கடை இருக்கு, கொஞ்சம் தூரம், பரவாயில்லை."

வினய் அவர் காலில் விழுந்தான். ரத்தனாவும் அழுதாள். கூட்டத்தில் சில பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பெற்ற தாய்கூட இப்படி மன்னிக்க மாட்டாள் என்று ஒரு கிழவி சொன்னாள். அன்று இரண்டாவது தடவை சோறு கேட்காமலேயே வினய் தட்டில் விழுந்தது, லமாய் கையாலேயே.

அடுத்த நாள் குலுக்கலில் எழுபத்துநாலு வந்தது. நாற்பத்தேழு வாங்கியவர்கள் எல்லாம் வினய்யைத் தேடிக்கொண்டு கிளம்பியபோது ஜியாப் அக்காதான் காப்பாற்றினார். சாமி சரியாகத்தான் கொடுத்தார், நாம்தான் அண்ணாந்து பார்த்து மாற்றிப் படித்துவிட்டோம் என்றார். மாப்பிள்ளை கைவழியாகச் சாமி எழுதினார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது.

வினய்க்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. அவ்வளவு பெரிய மனசுக்காரிக்குக் கூரைத் துணி நல்லதாக அமைய வேண்டும். ராட்சபுரிக் கடைக்காரன் யார் எவன் என்று தெரியாது. ஹெங்குக்குக் கண் தெரியாவிட்டால் என்ன, அந்த ஊரில் கூரை வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. நேர்த்தியாக மாற்றிக்கொண்டு போய் மாமியார் முன்னால் நிறுத்தி அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தான். பூசை நாளுக்கு முதல் நாள், குண்டூசிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஒரு கையால் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓட்டிக்கொண்டு ஹெங் கடைக்குப் போனான்.

ஹெங் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மிகச் சின்ன ஊசி. ஒரே தடவையில் கோத்துவிட்டு எழுந்து வந்தார். கார்க் கதவைத் திறந்தார். அண்ணாந்து பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"நல்லாப் பரவிடுச்சே தம்பி. அம்மா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கொண்டாந்து காட்டினப்பவே சொன்னேன், புளிக்குழம்புக் கறை, அது மேல பற்பசையால புள்ளி வெச்சு மறைச்சா நிக்காது, துணியை மாத்திடலாம்னு. 'இரு ஹெங், முதல்ல இதை யார் தலையிலயாவது கட்டிட்டு வரேன்'னு சொல்லிட்டுப் போனாங்க. கட்டியாச்சா?"